வசதியற்றவருக்காக வாதாடும் வழக்கறிஞருக்குப் பணம் தருவது யார்?

அமெரிக்கத் திரைப்படங்களில் ஒருவரைக் கைது செய்யும் காவலர் ஒப்பிக்கும் வாசகம் நம்மில் பலருக்குப் பழகிப்போன ஒன்று. பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள உரிமை உண்டு, அதற்கு வசதி இல்லையென்றால் உங்களுக்காக ஒரு வழக்கறிஞர் நியமிக்கப்படுவார் என்று அது போகும். 1966-இல் மிராண்டா வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் வந்த நடைமுறை அது. அந்தக் கடைசி வரியில் ஒரு கேள்வி தொக்கி நிற்கிறது. அப்படி நியமிக்கப்படும் வழக்கறிஞருக்குப் பணம் தருவது யார், எவ்வளவு தருகிறார்கள், எந்தக் கணக்கில் தருகிறார்கள்? வெறும் அலுவலக விவரமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கான பதில்தான், ஏழைக்குக் கிடைப்பது உண்மையான வாதமா, பெயரளவிலான வாதமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்று நான் கருதுகிறேன். இந்த உரிமையை உரத்த குரலில் அறிவித்துவிட்டு, அதற்கான செலவை யார் ஏற்பது என்று அறுபது ஆண்டுகளாக விவாதித்துக்கொண்டிருக்கும் நாடு என்பதால், அமெரிக்காவை எடுத்துக்கொண்டே இதை விளக்க முற்படுகிறேன்.

1961 ஜூன் மாதம், ஃபுளோரிடா மாநிலத்தின் பனாமா சிட்டியில் ஒரு பில்லியர்ட்ஸ் விடுதியின் கதவை உடைத்து உள்ளே புகுந்து, இயந்திரங்களில் இருந்த சில்லறையையும் மதுவையும் திருடியதாக கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்பவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. தனக்கு வழக்கறிஞர் வைக்க வசதியில்லை, நீதிமன்றமே ஒருவரை நியமிக்க வேண்டும் என்று அவர் கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்குகளில் மட்டுமே அப்படி நியமிக்க மாநிலச் சட்டம் இடம் தருகிறது என்று நீதிபதி மறுத்துவிட்டார். கிடியன் தானே தன் வழக்கை நடத்தித் தோற்று, ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். சிறையிலிருந்து பென்சிலால் எழுதி அவர் அனுப்பிய மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்று விசாரித்து, கடுங்குற்ற வழக்குகளில் வசதியற்றவருக்கு வழக்கறிஞரை அமர்த்தித் தருவது மாநிலங்களின் கடமை என்று 1963 மார்ச் 18 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 1967-இல் சிறார் வழக்குகளுக்கும், 1972-இல் சிறைத் தண்டனை விதிக்கப்படும் சிறு குற்ற வழக்குகளுக்கும் இந்த உரிமை விரிந்தது.

இந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசுவோர் அதோடு நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் நம் விஷயத்துக்கு அதைவிட முக்கியமானது, அதே ஆண்டு ஆகஸ்ட்டில் நடந்த மறுவிசாரணைதான். கிடியன் கேட்டுக்கொண்டபடியே ஃபிரெட் டர்னர் என்ற உள்ளூர் வழக்கறிஞர் இம்முறை அவருக்காக நியமிக்கப்பட்டார். டர்னர் நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன்பே சாட்சிகளைத் தேடிச் சென்று பேசினார். மதுப் புட்டியோடும் பை நிறையச் சில்லறையோடும் கிடியன் வெளியே வந்ததைக் கண்டதாகச் சொன்ன முக்கிய சாட்சியின் வாக்குமூலத்தைக் குறுக்கு விசாரணையில் அசைத்தார். அந்தச் சாட்சியே உண்மையான திருடர்களுக்குக் காவல் நின்றவராக இருக்கலாம் என்ற ஐயத்தை ஜூரிகள் முன் வைத்தார். அன்று காலையில் கிடியனை ஏற்றிச்சென்ற டாக்சி ஓட்டுநரோ, அவர் கையில் மதுவோ வேறு பானமோ எதுவும் இருக்கவில்லை என்றார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஜூரிகள் கிடியனைக் குற்றமற்றவர் என்று விடுவித்தனர். குற்றச்சாட்டும் மாறவில்லை, சாட்சியங்களும் பெரும்பாலும் மாறவில்லை; நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு வழக்கறிஞர் செலவழித்த நேரம் மட்டுமே புதிதாகச் சேர்ந்தது. அந்த நேரத்துக்கு எப்படி விலை வைப்பது என்பதே இந்தக் கட்டுரையின் மையம்.

உச்ச நீதிமன்றம் கடமையை விதித்ததே தவிர, அதற்கான பணத்தை ஒதுக்கவில்லை. நீதிமன்றத்தால் ஒதுக்கவும் முடியாது. ஆகவே ஒவ்வொரு மாநிலமும் தன் வழியில் போயிற்று. சில மாநிலங்கள் முழுச் செலவையும் ஏற்றன. சில, அதை மாவட்டங்களின் தலையில் கட்டின. பென்சில்வேனியாவில் 2023 வரை மாநில அரசு இதற்கென நிதி ஒதுக்காமல், பணக்கார மாவட்டமும் ஏழை மாவட்டமும் தத்தம் வரிப்பணத்தில் சமாளித்துக்கொள்ளட்டும் என்றே விட்டிருந்தது. குற்றங்களும் ஏழ்மையும் மிகுந்த மாவட்டத்தில்தான் வரி வருவாய் குறைவாக இருக்கும் என்பதால், தேவை மிகுந்த இடத்தில் பணம் குறைவாக இருக்கும் நிலையை அந்த ஏற்பாடே உண்டாக்கிவிடுகிறது.

பணம் போய்ச் சேரும் வழிகள் மூன்று. முதலாவது, மாதச் சம்பளத்தில் வழக்கறிஞர்களை அமர்த்தி அரசே நடத்தும் அலுவலகம். பப்ளிக் டிஃபெண்டர் என்று அங்கே சொல்லப்படுபவர்கள் இவர்கள். ஒரே வழக்கில் இருவர் மீது குற்றம் சாட்டப்பட்டு, ஒருவர் மற்றவர் மீது பழி போடும் நிலை வந்தால் ஒரே அலுவலகம் இருவருக்கும் வாதாட முடியாது. அதனால் எவ்வளவு பெரிய அலுவலகம் இருந்தாலும், தனியாகத் தொழில் நடத்தும் வழக்கறிஞர்களின் பட்டியல் ஒன்றும் தேவைப்படுகிறது. நீதிமன்றம் அந்தப் பட்டியலிலிருந்து ஒருவரை நியமித்து, வழக்கு வாரியாக அவருக்குக் கட்டணம் தருவது இரண்டாவது வழி. ஓர் ஊரின் வழக்குகளை எல்லாம் சேர்த்து ஒரு வழக்கறிஞரிடமோ நிறுவனத்திடமோ ஒப்பந்தத்தில் விட்டுவிடுவது மூன்றாவது வழி. இவற்றில் பட்டியல் முறையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். கட்டணத்தின் சூட்சுமம் அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

கூட்டரசு (அதாவது மத்திய அரசின்) நீதிமன்றங்களில் 1938 முதலே வசதியற்றவருக்கு வழக்கறிஞர் நியமிக்கப்பட வேண்டும் என்ற நிலை இருந்தும், நியமிக்கப்பட்டவருக்குக் கால் காசு கிடையாது. தொழிலின் அறக்கடமை என்று சொல்லி, இளம் வழக்கறிஞர்களின் தோளில் அந்தச் சுமை ஏற்றப்பட்டது. 1964-இல் நிறைவேறிய குற்றவியல் நீதிச் சட்டம் முதன்முதலாகக் கட்டணம் நிர்ணயித்தது. நீதிமன்றத்தில் நிற்கும் ஒரு மணி நேரத்துக்கு 15 டாலர், வெளியே உழைக்கும் ஒரு மணி நேரத்துக்கு 10 டாலர், கடுங்குற்ற வழக்கு ஒன்றுக்கு மொத்தம் 500 டாலருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. நீதிபதியின் கண்முன் நடக்கும் வேலைக்குக் கூடுதல் விலை, அவர் பார்க்காத வேலைக்குக் குறைந்த விலை என்ற இந்தக் கணக்கு எனக்கு ஏற்புடையதாக இல்லை. சாட்சியின் வீட்டுக்கு நடப்பது, சிறைக்குச் சென்று கட்சிக்காரரிடம் பொறுமையாகக் கேட்டறிவது, அரசு தரப்பு தந்த காகிதக் கட்டை வரி வரியாகப் படிப்பது ஆகிய அனைத்தும் வெளியே நடப்பவை. டர்னர் வென்ற வழக்கும் அங்கேதான் வெல்லப்பட்டது. இந்த வேறுபாடு நீங்கி, இரண்டு வகை வேலைக்கும் ஒரே விகிதமாக மணிக்கு 90 டாலர் என்று ஆவதற்கு 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2025-இல், மரண தண்டனை சாராத வழக்குகளுக்கு அந்த விகிதம் 175 டாலர்.

அந்தப் பணம் கைக்கு வந்து சேரும் விதத்தையும் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் முதலில் தன் வருமானம், சொத்து, கடன், குடும்பச் செலவு ஆகியவற்றை உறுதிமொழியின் பேரில் ஒரு படிவத்தில் நிரப்பித் தருகிறார். அதைப் பார்த்து நீதிபதி வழக்கறிஞரை நியமிக்கிறார். அன்று முதல் அந்த வழக்கறிஞர், ஆறு நிமிடத்தை ஒரு அலகாக வைத்துத் தன் வேலையைக் குறித்துவர வேண்டும். தொலைபேசியில் சுருக்கமாகப் பேசினால் 0.1 மணி, சிறையில் ஒன்றே கால் மணி நேரம் பேசியிருந்தால் 1.2 அல்லது 1.3 மணி, என்ன தேதி, என்ன வேலை என்ற குறிப்பும் உடன் இருக்க வேண்டும். வழக்கு முடிந்த 45 நாட்களுக்குள் இந்தக் கணக்கை வவுச்சராகத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் படிவத்தில் அலுவலக வாடகைக்கோ எழுத்தரின் சம்பளத்துக்கோ இடமில்லை. அவையெல்லாம் அந்த 175 டாலருக்குள் அடங்கியவை என்பது விதியின் எண்ணம். மணிக்கு இத்தனை டாலர் என்று கேட்டதும் அது முழுதும் வழக்கறிஞரின் பையில் விழுவதாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். வாடகை, காப்பீடு, மென்பொருள், வரி எல்லாம் போக மிஞ்சுவதுதான் அவர் வருமானம்.

அந்த வவுச்சரைச் சரிபார்த்து ஒப்புதல் தருபவர், வழக்கை விசாரித்த அதே நீதிபதி. வழக்குக்கான உச்சவரம்பு இப்போது கடுங்குற்றங்களுக்கு 13,000 டாலரைத் தாண்டியிருக்கிறது. அதற்கும் மேல் கேட்டால், வழக்கு சிக்கலானது அல்லது நீண்டது என்று அந்த நீதிபதி சான்றளித்து, மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியோ அவர் பொறுப்பளித்தவரோ ஏற்க வேண்டும். தடயவியல் நிபுணரோ தனிப்பட்ட புலனாய்வாளரோ தேவைப்பட்டாலும் நீதிபதியிடம்தான் கேட்க வேண்டும். நல்லவேளையாக, எதிர்வாத உத்தி வெளிப்பட்டுவிடாமல் இருக்க, அரசு தரப்புக்குத் தெரியாமல் கேட்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஆனாலும் எதிர்த்தரப்பான அரசு வழக்கறிஞர் தன் நிபுணரை அமர்த்த எந்த நீதிபதியிடமும் போய் நிற்பதில்லை. கூட்டரசு நீதித்துறையே 2015-இல் நீதிபதி கேத்லீன் கார்டோன் தலைமையில் அமைத்த ஆய்வுக் குழு, செய்த வேலைக்கான கணக்கை நீதிபதிகள் வெட்டுவதையும் அதற்கு அஞ்சி வழக்கறிஞர்கள் கேட்கத் தயங்குவதையும் பதிவு செய்து, இந்தப் பொறுப்பை நீதிபதிகளிடமிருந்து எடுத்துத் தனி ஆணையத்திடம் தரலாம் என்று பரிந்துரைத்தது. தன் முன் வலுவாக வாதாடி நேரத்தை நீட்டிப்பவரின் கட்டணத்தைத் தானே நிர்ணயிக்கும் நிலையில் எந்த நீதிபதியையும் வைக்கக்கூடாது என்பதால், அந்தப் பரிந்துரை சரியானது என்றே எனக்குப் படுகிறது.

மாநிலங்களில் நிலைமை இன்னும் கடினம். நியூயார்க்கில் 1986-இல் நிர்ணயித்த மணிக் கட்டணங்கள், நீதிமன்றத்தில் 40 டாலரும் வெளியே 25 டாலரும், 2004 வரை அப்படியே கிடந்தன. வழக்கறிஞர் சங்கம் ஒன்று அரசின் மீது வழக்குத் தொடர்ந்து வென்ற பின்னரே அவை உயர்ந்தன. உயர்ந்த விகிதம் மீண்டும் 2023 வரை உறைந்து நின்று, அதன் பிறகே 158 டாலர் ஆயிற்று. விஸ்கான்சினில் 1995-இல் நிர்ணயிக்கப்பட்ட 40 டாலர் கால் நூற்றாண்டு நீடித்து, நாட்டிலேயே மிகக் குறைந்த விகிதம் என்று பெயர் பெற்றது. அந்தத் தொகைக்கு வழக்கை எடுக்க ஆளில்லாமல், குற்றம் சாட்டப்பட்டவர்கள் வாரக்கணக்கில் சிறையில் வழக்கறிஞருக்காகக் காத்திருந்தார்கள். வேறு வழியின்றி நீதிபதிகளே ஆளை நியமித்தபோது, அதற்கான கூடுதல் கட்டணம் மாவட்டத்தின் கணக்கில் ஏறியது. ஒரு கணக்கில் மிச்சம் பிடித்த பணம் இன்னொரு கணக்கில் செலவாயிற்று; சிறையில் ஆளை வைத்திருக்கும் செலவு தனி.

ஒப்பந்த முறையில் வேறொரு தீங்கு உண்டு. ஆண்டுக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை பேசிவிட்டால், வழக்கு பத்து நிமிடத்தில் குற்ற ஒப்புதலோடு முடிந்தாலும், பத்து நாள் விசாரணை நடந்தாலும் வழக்கறிஞருக்குக் கிடைப்பது ஒன்றுதான். வாஷிங்டன் மாநிலத்தில் மவுன்ட் வெர்னன், பர்லிங்டன் ஆகிய இரு சிறு நகரங்கள் சேர்ந்து இரண்டு பகுதிநேர வழக்கறிஞர்களை இப்படி அமர்த்தியிருந்தன. ஒவ்வொருவர் கையிலும் ஆண்டுக்கு ஆயிரம் வழக்குகள் அளவில் சேர்ந்தன. வழக்கறிஞரைக் கட்சிக்காரர் முதன்முதலாகக் காண்பதே நீதிமன்ற வளாகத்தில்தான் என்றும், பார்த்த கையோடு குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லப்பட்டது என்றும் வழக்கு எழுந்தபோது, 2013-இல் கூட்டரசு நீதிபதி ராபர்ட் லாஸ்னிக் இது அரசியல் சட்டம் உறுதியளிக்கும் வழக்கறிஞர் உதவியே ஆகாது என்று தீர்ப்பளித்தார். அந்த வழக்கறிஞர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு மணி நேரக் கூடுதல் உழைப்பும் தன் சொந்தப் பணத்திலிருந்து போவதாக அமைத்துவிட்டால், நல்லவரும் நாளடைவில் சுருக்கிக்கொள்ளவே செய்வார்.

இந்தியாவுக்கும் இந்தக் கதைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பீகார் சிறைகளில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தவர்களைப் பற்றிய 1979-ஆம் ஆண்டு ஹுசைனாரா கத்தூன் வழக்கில், நீதிபதி பகவதி கிடியன் தீர்ப்பை மேற்கோள் காட்டியே இலவசச் சட்ட உதவியை வாழ்வுரிமையின் பகுதியாக அறிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஹோஸ்கோட் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், நியமிக்கப்படும் வழக்கறிஞருக்கு நீதிமன்றம் நியாயமாக நிர்ணயிக்கும் தொகையை அரசு தர வேண்டும் என்று சேர்த்தே எழுதினார். கட்டணத்தையும் உரிமையின் உள்ளேயே வைத்துப் பார்த்த அந்த அணுகுமுறை மிகவும் போற்றத்தக்கது. நம் மாவட்ட நீதிமன்றங்களில் நடைமுறை அதற்கு ஈடு கொடுக்கிறதா என்பது தனிக் கட்டுரைக்கு உரியது.

அமெரிக்காவுக்கே திரும்புவோம். இலவசம் என்று சொல்லப்படும் இந்த உதவி எல்லா இடத்திலும் முற்றிலும் இலவசம் அல்ல. ஃபுளோரிடாவில் வழக்கறிஞர் கேட்டு விண்ணப்பிக்கவே 50 டாலர் கட்டணம் உண்டு. தண்டனை பெற்றவரிடமிருந்து பிற்பாடு வழக்கறிஞர் செலவை வசூலிக்கும் மாநிலங்களும் உண்டு. கட்ட இயலாதவரை வற்புறுத்தக்கூடாது என்ற வரம்புகளோடு கூடிய அத்தகைய சட்டம் ஒன்றை 1974-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கடனாகிவிடுமோ என்று பயந்து வழக்கறிஞரே வேண்டாம் என்று சொல்லிவிடும் ஏழையை நினைத்தால், வசூலாகும் அந்தச் சிறு தொகைக்கு இந்த ஏற்பாடு தகுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

கட்டணம் போதவில்லை என்றால் வழக்கறிஞர்கள் கூடி வேலைநிறுத்தம் செய்யலாமே என்று கேட்கலாம். அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டன் டி.சி.யில் 1983-இல் அப்படித்தான் செய்தார்கள். நீதிமன்றத்தில் 30 டாலர், வெளியே 20 டாலர் என்ற விகிதம் 1970 முதல் மாறாதிருந்ததால், வழக்கமாக இத்தகைய வழக்குகளை எடுத்துவந்த ஏறத்தாழ நூறு பேரில் சுமார் தொண்ணூறு பேர் புதிய நியமனங்களை ஏற்க மறுத்தனர். சில நாட்களிலேயே நகர நிர்வாகம் இறங்கிவந்து 35 டாலர் தர ஒப்புக்கொண்டது. ஆனால் போட்டியாளர்கள் கூடி விலை நிர்ணயிப்பது வணிகப் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று கூட்டரசு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுக்க, 1990-இல் உச்ச நீதிமன்றமும் ஆணையத்தின் பக்கமே நின்றது. சம்பளத்துக்கு வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு இருக்கும் கூட்டுப் பேரத்துக்கான பாதுகாப்பு, தனியாகத் தொழில் நடத்தும் இவர்களுக்கு இல்லை என்பது அதன் பொருள்.

2025-இல் இந்த நெருக்கடி இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் வெடித்தது. கூட்டரசு நீதிமன்றங்களில் அந்த ஆண்டுக்கான நிதி ஜூலை தொடக்கத்திலேயே தீர்ந்துபோய், பட்டியல் வழக்கறிஞர்கள் முடித்துக்கொடுத்த வேலைக்கான வவுச்சர்கள், புதிய நிதி வரும்வரை பணமாக மாறாமல் நின்றன. அவர்களும் அவர்கள் அமர்த்திய புலனாய்வாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் கையிலிருந்து செலவழித்துக் காத்திருந்தார்கள். இதற்கு முன்பே, 2013-இன் நிதி வெட்டில் 125 டாலராக இருந்த மணிக் கட்டணம் 110 டாலராகச் சில மாதங்களுக்குக் குறைக்கப்பட்டதும் உண்டு.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வசதியற்றோர் வழக்குகளில் சுமார் எண்பது விழுக்காட்டைத் தனியார் பட்டியல் வழக்கறிஞர்களே நடத்துகிறார்கள். அங்கே மாவட்ட நீதிமன்ற வழக்குகளுக்கு 2025-இன் நடுப்பகுதி வரை மணிக்கு 65 டாலராக இருந்தது; அதே வட்டாரத்தைச் சேர்ந்த மெய்ன் மாநிலத்தில் 150 டாலர். 2025 மே இறுதியில் அவர்களில் பலர் புதிய வழக்குகளை ஏற்பதை நிறுத்திக்கொண்டனர். அம்மாநிலத்தில் இதற்கென ஏற்கெனவே ஒரு நெறிமுறை இருந்தது. 2004-இல் இதே போன்ற தட்டுப்பாடு வந்தபோது, மாநில உச்ச நீதிமன்றம் லவாலி வழக்கில் வகுத்தது அது. வழக்கறிஞர் கிடைக்காமல் ஒருவரை ஏழு நாட்களுக்கு மேல் காவலில் வைத்திருக்கக் கூடாது. 45 நாட்களுக்குள் வழக்கறிஞர் கிடைக்கவில்லை என்றால் வழக்கையே தள்ளுபடி செய்ய வேண்டும். 2025 ஜூலையில் அந்த நெறிமுறை மீண்டும் நடைமுறைக்கு வந்து, பாஸ்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகள் தள்ளுபடியாயின. அவற்றில் தாக்குதல் வழக்குகளும் இருந்தன. புகார் கொடுத்தவர்களின் மனம் அதைக் கேட்டு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏழைக் குற்றவாளிக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று கேட்பவர்கள், அந்தச் செலவு பாதிக்கப்பட்டவரின் வழக்கையும் சேர்த்தே தாங்கி நிற்கிறது என்பதைக் கவனிப்பதில்லை.

இதன் பிறகு மாநிலச் சட்டமன்றம் மணிக்கு 10 டாலர் உடனடியாகவும், அடுத்த ஆண்டு இன்னொரு 10 டாலரும் உயர்த்த ஒப்புக்கொண்டது. கூடவே, சம்பளம் பெறும் பாதுகாப்பு வழக்கறிஞர்கள் 320 பேரை இரண்டு ஆண்டுகளில் புதிதாகச் சேர்க்க 40 மில்லியன் டாலரை ஒதுக்கியது. இரண்டாவது உயர்வும் சேர்ந்த பின் மாவட்ட நீதிமன்ற விகிதம் 85 டாலர் ஆகிறது. மெய்ன் தரும் தொகைக்கு அது இன்னும் 65 டாலர் குறைவு.